ஃபோட்டோவைப் பார்த்து கல்லைச் சொல்ல முடியாது

 

பாறைகளைப் பத்தி ஒரு எபிசோடு போட்டதுல இருந்து இன்பாக்ஸ் முழுக்கக் கல்லுதான். ட்ரெக்கிங் போன இடத்துல பொறுக்கினது, பாட்டியோட ட்ரங்குப் பெட்டியில கிடைச்சது, ஆன்லைன்ல வாங்கின பிரேஸ்லெட். எல்லாத்துக்கும் கீழே ஒரே கேள்வி: "இது என்ன கல்லு?"

அதுல ஒரு மெசேஜைத்தான் இன்னைக்கு எடுத்துக்கப் போறேன். அனுப்பின தங்கச்சிகிட்ட அனுமதி வாங்கியாச்சு, பேர் சொல்ல மாட்டேன். அண்ணனுக்குக் கல்யாணம் தள்ளிக்கிட்டே போகுது. கனகபுஷ்பராகம் போடச் சொல்லியிருக்காங்க. அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து 38,000 ரூபாய்க்கு ஒரு மஞ்சள் கல் வாங்கிட்டாங்க. மோதிரத்துல இன்னும் பதிக்கலை. ஏழு நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம்னு பில்லுல இருக்கு, அதுல நாலு நாள் போயிடுச்சு. "அண்ணா, ஃபோட்டோ அனுப்பியிருக்கேன், ஒரிஜினலான்னு பார்த்துச் சொல்லுங்க."

கல் கல்யாணம் பண்ணி வைக்குமான்னு நான் பேச வரலை. அது அவங்க வீட்டு விஷயம். ஆனா 38,000 ரூபாய் கொடுத்தா, சொன்ன கல்லு கையில இருக்கணும் இல்லையா?

ஃபோட்டோவைப் பார்த்து நான் சொன்ன பதில், "சொல்ல முடியாது." ஏன்னா ஃபோட்டோல தெரியறது நிறம் மட்டும்தான். கனிமங்களை அடையாளம் காண நம்மகிட்ட இருக்கிற சாட்சிகளிலேயே அடிக்கடி பொய் சொல்ற சாட்சி நிறம்.

முதல்ல கனிமம்னா என்னன்னு ஒரு நிமிஷம். இயற்கையில தானா உருவாகணும், திடமா இருக்கணும், அதுக்குள்ள அணுக்கள் ஒரு ஒழுங்கான அடுக்குல இருக்கணும், வேதியியல் கலவை ஏறக்குறைய நிலையா இருக்கணும். இவ்வளவுதான். இந்தக் கணக்குப்படி இமயமலைப் பனிக்கட்டி கனிமம். உங்க ஃப்ரிட்ஜ்ல இருக்கிற ஐஸ் க்யூப் கனிமம் இல்லை, ஏன்னா அதை உருவாக்கினது நீங்க. (இந்த விதியை வகுத்தவங்களுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்கணும்.) பாறைங்கிறது பல கனிமங்கள் கூடி வாழற வீடு. கிரானைட்டைப் பக்கத்துல போய்ப் பாருங்க, வெள்ளை, சாம்பல், கறுப்புன்னு புள்ளி புள்ளியா இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கனிமம்.

இப்போ நிறத்துக்கு வருவோம். மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம்னு சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டாங்க. ரெண்டும் குருந்தம்தான், அதாவது கொரண்டம், அலுமினியம் ஆக்சைடு. சுத்தமா இருந்தா அதுக்கு நிறமே இல்லை. துளியூண்டு குரோமியம் கலந்தா சிவப்பு, அதைத்தான் மாணிக்கம்கிறோம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து கலந்தா நீலம். இரும்பு மட்டும்னா மஞ்சள், அதுதான் கனகபுஷ்பராகம். மரகதமும் கடல்நிற அக்வாமரினும் அதே மாதிரி பெரில்ங்கிற ஒரே வீட்டுப் பிள்ளைங்க.

இன்னொரு பக்கம், வேற வேற கனிமங்கள் ஒரே நிறத்துல வரும். மஞ்சளாப் பளபளக்கிற கல் கொரண்டமா இருக்கலாம், டோபாஸா இருக்கலாம், சிட்ரின்கிற மஞ்சள் குவார்ட்ஸா இருக்கலாம், வெறும் கண்ணாடியாக்கூட இருக்கலாம். சந்தையில சிட்ரின்னு விக்கிறதுல பெரும்பகுதி ஊதா நிற செவ்வந்திக்கல்லைச் சூடுபடுத்தி மஞ்சளாக்கினதுதான்.

நிறத்தை நம்பாம இருக்கிறதுக்கு ஒரு பழைய உத்தி, கல்லைத் தூளாக்கிப் பார்க்கிறது. உடைக்க வேண்டாம். டைல்ஸோட பின்பக்கம், மெருகு இல்லாத வெள்ளைச் சொரசொரப்பு இருக்கு பாருங்க, அதுல ஒரு இழுப்பு இழுத்தா போதும். ஹெமடைட்ங்கிற இரும்புத்தாது பார்க்கக் கறுப்பாவோ வெள்ளி மாதிரியோ இருந்தாலும், டைல்ஸ்ல செங்கல் நிறத்துல கோடு விழும். தங்கம் மாதிரி மின்னி ஏமாத்துற பைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும். தங்கமோ மஞ்சளாவே கோடு போடும். ஆனா மோதிரக் கல்லுக்கு இது உதவாது. கொரண்டமும் குவார்ட்ஸும் டைல்ஸைவிடக் கடினம். அதுங்க தேயாது, டைல்ஸ்தான் தேயும்.

அந்தக் கடினம்கிற வார்த்தைக்கு ஒரு அளவுகோல் இருக்கு. 1812-ல ஃப்ரீட்ரிஷ் மோஸ் கொடுத்தது. எது எதைக் கீறும்? அவ்வளவுதான் கேள்வி. ரொம்ப மென்மையான டால்க் 1, வைரம் 10. நம்ம நகம் ரெண்டரை. அதனால நகத்தால கீற முடிஞ்சா அது ஜிப்சம் மாதிரி மெத்துனு உள்ள ஆளு. சாதாரணக் கத்தியும் ஜன்னல் கண்ணாடியும் ஐந்தரைக்குப் பக்கம். குவார்ட்ஸ் 7, டோபாஸ் 8, கொரண்டம் 9.

இங்கே ஒண்ணு கவனிக்கணும். இது வரிசை எண்தான், அளவு இல்லை. க்ளாஸ்ல முதல் ரேங்குக்கும் ரெண்டாம் ரேங்குக்கும் நடுவுல ரெண்டு மார்க்கும் இருக்கலாம், இருநூறு மார்க்கும் இருக்கலாம். 9-ல இருக்கிற கொரண்டத்தைவிட 10-ல இருக்கிற வைரம் பல மடங்கு கடினம்.

கீற முடியாதுங்கிறதுக்காக உடையாதுன்னு அர்த்தம் இல்லை. வைரத்தைச் சுத்தியலால அடிச்சா உடையும். தயவுசெஞ்சு யாரும் ட்ரை பண்ணாதீங்க. அது எப்படி உடையுதுங்கிறதும் ஒரு அடையாளம்தான். காக்காப்பொன் பார்த்திருப்பீங்க, மைக்கா. ஏடு ஏடா உரியும். அணுக்கள் தாள் அடுக்கு மாதிரி இருக்கு, தாளுக்கும் தாளுக்கும் நடுவுல பிடிப்பு கம்மி. கல் உப்பை ஒரு லென்ஸ் வச்சுப் பார்த்தா மூலை மூலையா, பெட்டி பெட்டியா தெரியும். உடைச்சாலும் பெட்டியாத்தான் உடையும். குவார்ட்ஸுக்கு அப்படி ஒரு பலவீனமான திசையே இல்லை. அதனால உடைஞ்ச கண்ணாடி பாட்டில் விளிம்பு மாதிரி வளைவு வளைவா உடையும். கொங்கு நாட்டுப் பக்கம் வயக்காட்டுல கிடக்குமே வெங்கச்சங்கல், அதுதான் குவார்ட்ஸ். அடுத்த தடவை ஊருக்குப் போனா ஒரு துண்டு எடுத்து அந்த வளைவைப் பாருங்க. அதே நிறத்துல கால்சைட்டும் கிடைக்கும். ஆனா கால்சைட்டைக் கத்தி கீறும், சாய்ஞ்ச பெட்டி வடிவத்துல உடையும், பொடியாக்கி எலுமிச்சைச் சாறு விட்டா நுரைக்கும். பூஜை ரூம் மார்பிள்ல எலுமிச்சம்பழத்தை வெட்டி வச்சா பளபளப்பு போயிடுதுன்னு அம்மா திட்டுறாங்கல்ல, மார்பிளும் கால்சைட்தான்.

சரி, தங்கச்சியோட கல்லுக்கு என்ன பண்றது? கீறிப் பார்க்கக் கூடாது. கீறல் விழுந்தா கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க. கல்லுக்கு எந்தச் சேதமும் இல்லாம, வீட்டிலேயே, பத்து நிமிஷத்துல செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கு. அது அடர்த்தி.

தேவையானது: 0.01 கிராம் வரைக்கும் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு டம்ளர் தண்ணி, மெல்லிசா ஒரு நூல். முதல்ல கல்லை அப்படியே எடை போடுங்க. அப்புறம் தண்ணி டம்ளரைத் தராசுல வச்சு அளவை பூஜ்யமாக்குங்க. கல்லை நூல்ல கட்டி, கல் முழுசா முங்குற மாதிரி, ஆனா அடியிலயும் பக்கத்துலயும் படாத மாதிரி தொங்க விடுங்க. இப்போ தராசு ஒரு எண்ணைக் காட்டும். கல் ஒதுக்கித் தள்ளின தண்ணியோட எடை அது. முதல் எண்ணை இந்த எண்ணால வகுத்தா கல்லோட அடர்த்தி. ஆர்க்கிமிடிஸ் நம்ம ஸ்கூல் புக்ல வந்தது இதுக்குத்தான், குளியல் தொட்டிக் கதைக்காக இல்லை. கல்லுல காத்துக் குமிழி ஒட்டியிருந்தா கணக்கு தப்பும், அதனால சோப்புத் தண்ணியில கழுவிட்டுப் பண்ணுங்க.

அவங்க கல் 6 கேரட், அதாவது 1.20 கிராம். கொரண்டத்தோட அடர்த்தி 4. அப்போ தண்ணியில 0.30 காட்டணும். டோபாஸா இருந்தா 3.5, ஆக 0.34 வரும். குவார்ட்ஸ் 2.65, அப்போ 0.45 வரும். இந்த வித்தியாசத்தை மலிவான தராசும் சரியாக் காட்டும்.

அவங்க மூணு தடவை பண்ணிப் பார்த்தாங்க. மூணு தடவையும் 0.45.

இதுல ஒரு நுணுக்கம். 0.45-னு வந்ததால அது குவார்ட்ஸ்தான்னு உறுதியாச் சொல்ல முடியாது, சிலவகைக் கண்ணாடியும் அந்த அடர்த்தியில வரும். ஆனா கொரண்டம் இல்லைங்கிறது உறுதி. இந்தக் கேள்விக்கு அந்த "இல்லை" போதும். ஆறாவது நாள் கடைக்குப் போயிருக்காங்க. "சில கல்லு லேசா இருக்கும்மா"ன்னு கடைக்காரர் சொல்லியிருக்கார். லேசான கொரண்டம்னு ஒண்ணு கிடையாது. "சரிங்க, ரத்தினப் பரிசோதனைக் கூடத்துல கொடுத்து சர்டிஃபிகேட் வாங்கலாமா?"ன்னு இவங்க கேட்டிருக்காங்க. பணம் அன்னைக்கே வந்துடுச்சு. அம்மாதான் ரெண்டு நாளா யார்கிட்டயும் சரியாப் பேசலையாம்.

இப்போ ஒரு கேள்வி வரும், வரணும். தராசு 0.30 காட்டியிருந்தா? நிம்மதியா மோதிரம் செஞ்சிருக்கலாமா? முடியாது. ஏன்னா கொரண்டத்தை ஆய்வுக்கூடத்துலயும் செய்யலாம். பிரான்ஸ்ல ஆகஸ்ட் வெர்னூயி 1902-ல இந்த முறையை அறிவிச்சார். அலுமினியம் ஆக்சைடு பொடியைச் சுடுநெருப்பு வழியா விழ வச்சு, உருகின துளிகளை ஒண்ணு மேல ஒண்ணா உறைய வச்சு மாணிக்கம் வளர்த்தார். அதே அணுக்கள், அதே அடுக்கு. அதனால கடினம் 9, அடர்த்தி 4, எல்லாம் அச்சு அசல். இயற்பியல் பண்புகள் இது என்ன கனிமம்னு சொல்லும். எங்கே பிறந்ததுன்னு சொல்லாது.

பிறந்த இடத்தைச் சொல்றது கல்லுக்குள்ள இருக்கிற குறைகள். வெர்னூயி முறையில உருண்டை மண்டையா வளருது, அதனால மைக்ராஸ்கோப்புல வளைவான வரிகள் தெரியும். பூமிக்குள்ள வளர்ந்த கொரண்டத்துல வரிகள் நேர்கோடா, அறுகோண மூலையோட இருக்கும். ரூட்டைல்ங்கிற இன்னொரு கனிமத்தோட ஊசிகள் பட்டு நூல் மாதிரி குறுக்கும் நெடுக்குமா ஓடலாம். "ஒரு குறைகூட இல்லாத சுத்தமான கல்லு"ன்னு கம்மி விலைக்குக் கொடுத்தா எனக்குச் சந்தேகம் வர்றது இதனாலதான். இங்கே பரிசோதனைக் கூடம்தான் வழி, வீட்டுத் தராசு பத்தாது.

பூமிக்குள்ள எப்படி உருவாகுதுங்கிறது தெரிஞ்சா, வயக்காட்டுல நிக்கிறப்பவே சில பொய்களைக் கண்டுபிடிக்கலாம். கொரண்டம்ங்கிறது அலுமினியமும் ஆக்சிஜனும். சுத்துவட்டாரத்துல சிலிக்கா தாராளமா இருந்தா அலுமினியம் அதோட சேர்ந்து ஃபெல்ஸ்பார் மாதிரி வேற கனிமமாப் போயிடும். சிலிக்கா பஞ்சம் இருக்கிற இடத்துலதான் கொரண்டம் தனியா நிக்கும். குவார்ட்ஸ்ங்கிறது மிச்சமான சிலிக்கா. அப்போ யாராவது "வெங்கச்சங்கல்லுக்குள்ளேயே மாணிக்கம் வளர்ந்திருக்கு"ன்னு காட்டினா, அது பெரும்பாலும் கார்னெட்டாத்தான் இருக்கும்.

அக்வாமரின் கதை வேற. காங்கேயம் பக்கத்துல படியூர்னு ஒரு ஊர். பாறைக்குழம்பு ஆழத்துல மெதுவா உறையும்போது சாதாரண கனிமங்கள் முதல்ல படிகமாகிடும். பெரிலியம் மாதிரி தனிமங்களுக்கு அந்தப் படிகங்கள்ல இடம் கிடைக்காது. பந்தியில இடம் கிடைக்காதவங்க மாதிரி கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கும். கடைசியா மிச்சமாகிற தண்ணி கலந்த குழம்பு விரிசல்கள்ல புகுந்து உறையும்போது, இதுங்க ஒண்ணு சேர்ந்து பெரிய பெரிய படிகமா வளரும். பெக்மடைட்னு அதுக்குப் பேர். படியூர் பெரில் அப்படிப் பிறந்ததுதான். அங்கிருந்து ரொம்ப தூரமில்லாத நொய்யல் கரைக் கொடுமணல்ல அகழாய்வு பண்ணப்போ பெரில், நீலம், குவார்ட்ஸ்ல மணி செஞ்ச பட்டறைகளோட தடயங்கள் கிடைச்சது. ரோமாபுரிக்குப் போன கல்லு. ரோம எழுத்தாளர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே பெரில் பெரும்பாலும் இந்தியாவுல இருந்துதான் வருதுன்னு எழுதியிருக்கார். அதே இடத்துல, இந்தியாவுல படிகக்கல்லுக்குச் சாயம் ஏத்திப் போலி பெரில் செய்றாங்கன்னும் ஒரு புகார். ரெண்டாயிரம் வருஷமா நம்ம வியாபாரம் மாறலை!

சென்னையில இருக்கிறவங்களுக்கு இதைவிடப் பக்கத்துல ஒரு இடம் இருக்கு. பரங்கிமலை, பல்லாவரம். தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல தாண்டிப் போறீங்க. அந்தப் பாறைக்குப் பேர் சார்னோக்கைட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில இருந்த தாமஸ் ஹாலண்ட் 1890-களில் வச்ச பேர். கொல்கத்தாவுல ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல் இந்த வகைப் பாறை, சென்னைப் பக்கத்துல இருந்து போனது. செத்தவர் பேர் பாறைக்கு வந்துடுச்சு. அதுல ஹைப்பர்ஸ்தீன்னு ஒரு கனிமம் உண்டு. கடுமையான சூடும், தண்ணி ரொம்பக் கம்மியான சூழலும் இருந்தாத்தான் அது உருவாகும். தண்ணி இருந்திருந்தா அதோட இடத்துல மைக்காவோ ஹார்ன்பிளெண்டோ வந்திருக்கும். இப்போ நாம செல்ஃபி எடுக்கிற மலை சுமார் 250 கோடி வருஷம் முன்னாடி பூமிக்குள்ள பல கிலோமீட்டர் ஆழத்துல 700 டிகிரிக்கு மேல வெந்துகிட்டு இருந்ததுன்னு சொல்ல முடியுது. மேல இருந்த அத்தனை பாறையும் அரிச்சுப் போனதுக்கு அப்புறம்தான் இது வெயிலைப் பார்த்திருக்கு.

அரிச்சுப் போனது எங்கே போச்சு? கடலுக்கு. நீங்க தராசுல பண்ற வேலையை அலை பெரிய அளவுல பண்ணுது. அலை வேகமா ஏறும்போது எல்லா மணலையும் தூக்கிட்டு வரும். இறங்கும்போது வேகம் கம்மி, அதனால லேசான குவார்ட்ஸை மட்டும் இழுத்துட்டுப் போகும். அடர்த்தி 4 உள்ள கார்னெட், 4.7 உள்ள இல்மனைட், 5-க்குப் பக்கம் உள்ள மோனசைட் எல்லாம் கரையிலேயே தங்கிடும். கன்னியாகுமரிப் பக்கம் மணல் சிவப்பாவும் கறுப்பாவும் வரி வரியா இருக்கிறது இதனாலதான். 1909-ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர் திருவாங்கூர்ல இருந்து போன தேங்காய் நார்ல ஒட்டியிருந்த மணலைப் பார்த்து மோனசைட்டைக் கண்டுபிடிச்சார். அதுல இருந்த தோரியம் அப்போ பெட்ரோமாக்ஸ் மாதிரி விளக்குகளோட மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. பின்னாடி அந்த மணலுக்காக நடந்த சண்டைகள், 2013-ல தமிழக அரசு போட்ட தாது மணல் தடை, இதெல்லாம் தனி எபிசோடுக்கான விஷயம்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. இவ்வளவு நேரம் குவார்ட்ஸைப் பத்திச் சாதாரணமாப் பேசினேன். கல்லா இருக்கிற வரைக்கும் அது சாது. அறுக்கும்போது வர்ற கண்ணுக்குத் தெரியாத தூள் அப்படி இல்லை. நுரையீரலுக்குள்ள போனா கரையாது, வெளியவும் வராது, சுத்தி இருக்கிற சதை தழும்பேறி இறுகிடும். சிலிகோசிஸ். திரும்பச் சரியாகாத நோய். குஜராத்ல காம்பாத்ல அகேட் கல்லுக்கு மெருகு போடுறவங்க பல தலைமுறையா இதனால செத்துட்டு இருக்காங்க. அகேட்டும் குவார்ட்ஸ்தான். கிச்சனுக்கு வர்ற "குவார்ட்ஸ் டாப்" பலகைகள்ல பலதுல 90 சதவீதம் வரைக்கும் குவார்ட்ஸ் தூளும் மிச்சம் பிசினும்தான். அறுக்கிற தொழிலாளிகளுக்கு வந்த பாதிப்பைப் பார்த்து ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1-ல இருந்து அந்தப் பலகைகளைத் தடை பண்ணிடுச்சு.

நம்ம அப்பார்ட்மென்ட்ல என்ன நடக்குது? பால்கனியில ஒரு தம்பி கைக்குட்டையை மூஞ்சியில கட்டிக்கிட்டு மெஷின்ல உலர்வா அறுத்துக்கிட்டு இருப்பார். நாம தூசி வீட்டுக்குள்ள வருதுன்னு கதவைச் சாத்துவோம். கைக்குட்டை அந்தத் தூளைத் தடுக்காது. வீட்டுல வேலை நடக்குதுன்னா, கிரானைட்டோ குவார்ட்ஸ் பலகையோ, கடையிலேயே தண்ணி விட்டு அறுத்துக் கொண்டு வரச் சொல்லுங்க. வீட்டுல அறுத்தே ஆகணும்னா ஒருத்தர் தண்ணி ஊத்த, ஒருத்தர் அறுக்கணும். கொஞ்சம் நேரமாகும், தரை சகதியாகும். என்95 மாஸ்க் ரெண்டு வாங்கி அந்தத் தம்பிகிட்ட நீங்களே கொடுங்க.

கேள்விகள் அனுப்புங்க. ஃபோட்டோவோட எடையும் தண்ணியில வர்ற எண்ணும் சேர்த்து அனுப்பினா பதில் சொல்ல வசதியா இருக்கும். அடுத்த வாரம் திருவக்கரை போறோம், கல்லா மாறின மரங்களைப் பார்க்க.